பதினெட்டு கிராம்

அறுபத்துமூவர் உற்சவத்தன்று காலையில் சூடாமணிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். கட்டிய புடவையை அவிழ்த்து வேறொன்று கட்டினாள். ஃப்ரிட்ஜைத் திறந்து, மேல் தட்டிலிருந்த, வாய் அகன்ற சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்துப் பஞ்சு வைத்த அட்டைப்பெட்டிக்குள் இறக்கினாள். பெட்டியைக் கைப்பையில் போட்டாள். உடனே சந்தேகம் வந்து மறுபடி வெளியே எடுத்தாள். புட்டிக்குள் வெள்ளிபோல் ஒரு கட்டி உறைந்திருந்தது.

"நீ இப்படி அலைஞ்சா எனக்குத் தலை சுத்தறது. உக்காரேன்," என்றான் ரகுபதி.

அவள் கணவன் ரகுபதி மிருதங்க வித்வான். பகலில் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான், மாலையில் கச்சேரி. மதியச் சமையல் பல வருஷமாக அவன் கையில்தான். தெற்கு மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் சந்துக்காரர்கள் வீதி முனையில் பந்தல் போட்டு, சாமி பார்க்க வரும் ஜனங்களுக்கு மோரும் சுண்டலும் கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் சுண்டல் ரகுபதியின் பொறுப்பு.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவியா? சாமி புறப்பாட்டுக்கு?"

"தெரியலைன்னா. அந்தப் பம்பாய்க்காரர் என்ன சொல்றாரோ." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

புட்டிக்குள் இருந்தது காலியம். அதற்குப் பின்னால் இரண்டு வருஷ உழைப்பு இருந்தது.

சூடாமணி ரசாயனம் படித்தவள். பதினைந்து வருஷம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள். மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அலுமினிய ஆலை ஒன்று, மலையில் வெட்டியெடுத்த பாக்சைட்டைக் காரத்தில் வேகவைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிவப்புச் சேறாக ஏரி ஏரியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சேற்றில் கொஞ்சம் காலியம் போய்விடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். டி.வி. பெட்டியின் முன்னால் எரிகிற சின்னச் சிவப்புப் பொட்டு இருக்கிறதே, அதற்கு வேண்டிய உலோகம். வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 'இதை நாமே எடுக்கலாம்' என்று அவள் எழுதிக் கொடுத்த திட்டத்தை மேலே இருப்பவர்கள் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது தடவை அவள் வேலையை விட்டுவிட்டுத் திட்டத்தோடு வெளியே வந்துவிட்டாள்.

கூட்டுக்கு வந்தவர் கரீமுல்லா. ராயப்பேட்டையில் பித்தளை, ஈயம், துத்தநாகம் என்று விற்கும் குடும்பம் அவருடையது. காயலான் கடையில் கிடக்கும் எந்தத் துண்டையும் தட்டிப் பார்த்தே இன்னது என்று சொல்லிவிடுவார். ஆனால் காலியத்தை அவர் பார்த்ததே இல்லை. அதனாலேயே ஆசை வந்தது. அடையாறில் மூடிக்கிடந்த ஒரு ஐஸ் ஃபாக்டரி ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார். ஆலையில் பேசி, சேற்றை மூட்டை மூட்டையாக லாரியில் இறக்கினார். குப்பையை எவனோ ஒருவன் அள்ளிக்கொண்டு போகிறானே என்று ஆலைக்காரர்களுக்குச் சந்தோஷம்.

சேற்றைச் சோடாவோடு சேர்த்துச் சுட்டு, கரைத்து, வடிகட்டி, அலுமினாவைப் பிரித்துத் தள்ளி, மிஞ்சிய தண்ணீரில் கரண்ட் பாய்ச்சினால், கடைசியில் தகட்டின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் வியர்வை மாதிரி துளிர்க்கும். ஒரு லாரிச் சேற்றுக்கு அரை டம்ளர்கூடத் தேறாது. வடிகட்டும் துணி அடைத்துக்கொள்ளும். கரண்ட் போய்விடும். அக்கம்பக்கத்தில் வாசனை என்று சண்டைக்கு வருவார்கள். "காலியம்னு பேர் வெச்சா கை காலியாத்தான் ஆவும் மேடம்," என்று கரீமுல்லா சிரிப்பார். சிரித்துவிட்டு அடுத்த லாரிக்குச் சொல்லி அனுப்புவார்.

காலியத்துக்கு இரண்டு குணம். மெட்ராஸ் வெயிலில் கட்டியாக நிற்காது. உள்ளங்கையில் வைத்தால் உருகி ஓடும். இன்னொன்று, அலுமினியத்தைக் கண்டால் விடாது. கரையான் மரத்துக்குள் போவதுபோல் உள்ளே போய்விடும். பாத்திரம் பார்க்க அப்படியே இருக்கும், தொட்டால் பொடிந்துவிடும். ஷெட்டில் ஒரு அலுமினிய மக்கின் கைப்பிடி இப்படித்தான் ஒருநாள் கழன்று விழுந்தது. அதிலிருந்து எல்லாம் பிளாஸ்டிக்தான்.

பம்பாயிலிருந்து வாங்குகிறவர் வருகிறார் என்றதும் கரீமுல்லாதான் சொன்னார்: "தண்ணியா காட்டினா பாதரசம்னு நெனைச்சுக்குவான். கட்டியா காட்டணும்." அதற்காகத்தான் வீட்டு ஃப்ரிட்ஜ். பளிச்சென்று தெரியட்டும் என்று பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாகக் கண்ணாடிப் புட்டி. அது சூடாமணியின் யோசனை. உறையும்போது அந்த உலோகம் தண்ணீரைப் போலப் பருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வாயருகே இடம் விட்டிருந்தாள். போதும் என்று நினைத்தாள்.

பாண்டி பஜாரை ஒட்டி ஒரு ஓட்டலில் சாய்நாத் தங்கியிருந்தார். பம்பாய்க் கம்பெனி ஒன்றுக்கு அரிய உலோகங்கள் வாங்கிக் கொடுப்பவர். மாதுங்காவில் வளர்ந்த தமிழர். ஏ.சி. அறை சில்லென்று இருந்தது. சூடாமணி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கரீமுல்லா புதுச் சட்டையின் காலரை அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு சொன்னீங்க?"

"நூத்தி முப்பது கிராம்," என்றாள் சூடாமணி.

சாய்நாத் கையோடு எடுத்து வந்திருந்த சின்னத் தராசை மேஜையில் வைத்தார். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யம் காட்டவைத்தார். புட்டியைக் கவிழ்த்துத் தட்டியதும் கட்டி முழுசாகக் கிண்ணத்தில் விழுந்தது. எண்கள் ஓடி நின்றன.

"நூத்திப் பன்னிரண்டு."

கரீமுல்லா எட்டிப் பார்த்தார். "தராசு சரியா கீதா சார்?"

"இந்தத் தராசை வெச்சுத்தான் நான் பிளாட்டினமே வாங்கறேன்."

"மேடம், நீங்க நேத்து சரியா போட்டீங்களா?"

சூடாமணி காலிப் புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். அடிப்பாகத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். கீறலின் ஓரத்தில் வெள்ளியாக ஒரு கோடு உறைந்திருந்தது. உள்ளே ஒரு பக்கம் உறைந்து பருத்துப் புட்டியைக் கீறியிருக்கிறது. மறு பக்கம் உறையாமல் இருந்தது அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. பதினெட்டு கிராம். பெட்டிப் பஞ்சில் ஒரு பொட்டுகூட இல்லை. எங்கே போயிருக்கும்?

ஃப்ரிட்ஜின் தட்டு கம்பித் தட்டு. கீழ்த் தட்டில் என்ன இருந்தது என்று யோசித்தாள்.

கீழ்த் தட்டில் குக்கர் இருந்தது. அலுமினியக் குக்கர். ரகுபதி ராத்திரியே கொண்டைக்கடலையை அதில் ஊறப்போட்டு, மேலே எவர்சில்வர் தட்டு மூடி, புளித்துவிடாமல் உள்ளே வைத்திருந்தான். தட்டில் சொட்டியது வழிந்து குக்கரின் விளிம்புக்குத்தான் போயிருக்கும்; தினமும் தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்த விளிம்பு. காலையில் எப்போது வெளியே எடுத்தானோ, அப்போதிலிருந்து அந்த விளிம்பு வெயிலில் இருக்கிறது.

"ஒரு போன் பண்ணணும்," என்று எழுந்தாள்.

அறைப் போனிலேயே சுழற்றினாள். வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மாடி மாமி வீட்டுக்குப் போட்டாள்.

"ரகுபதியா? அவர் அப்பவே குக்கரைத் தூக்கிண்டு பந்தலுக்குப் போய்ட்டாரே. அங்கேயே அடுப்பு வெச்சிருக்கா. ஏண்டி, குரல் ஏன் இப்படி இருக்கு?"

"மாமி, யாரையாவது அனுப்பி அந்தக் குக்கரை அடுப்புல வெக்க வேண்டாம்னு சொல்றேளா?"

"யாரை அனுப்பறது? ஆத்துல எல்லாரும் சாமி பார்க்கப் போயாச்சு. எனக்கு முட்டி வலி, படியே இறங்க முடியலை…"

சூடாமணி போனை வைத்தாள். சாய்நாத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன ஆச்சு? மீட்டிங் பாதியில…"

"மன்னிச்சுக்கோங்கோ. போயே ஆகணும்." கட்டி, கிண்ணம் எதையும் எடுக்காமல் வாசலுக்குப் போனாள். கரீமுல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாய்நாத்தை ஒரு தடவையும் கிண்ணத்தை ஒரு தடவையும் பார்த்துவிட்டு அவள் பின்னாலேயே ஓடிவந்தார்.

ஸ்கூட்டரில் ஏறிய பிறகுதான் சொன்னாள். கரீமுல்லாவின் முதுகு விறைத்தது.

"குக்கரா? விசில் உடற குக்கரா?"

"ஆமா பாய். சீக்கிரம் போங்கோ."

"யா அல்லா." அவர் வண்டியை முடுக்கினார். தேனாம்பேட்டை சிக்னலில் சிவப்பு. நின்ற வண்டியில் அவள் நிலைகொள்ளாமல் அசைந்ததில் ஸ்கூட்டர் ஆடியது. "ஆடாதீங்க மேடம், உளுந்துடுவோம்," என்றார். எல்டாம்ஸ் ரோட்டில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. லஸ் சர்ச் ரோடு பாதி தூரத்திலேயே அடைத்துவிட்டது. போலீஸ்காரர் கயிறு கட்டி நின்றிருந்தார்.

"வண்டி போவாது. சாமி வர ரோடு. திருப்பு."

கரீமுல்லா ஒரு மருந்துக்கடைச் சுவரில் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு இறங்கினார். இருவரும் நடந்தார்கள். லஸ் முனையில் நடக்கவும் முடியவில்லை. ஊரே அங்கேதான் இருந்தது. தோளில் குழந்தைகள், பலூன்காரர்கள், கரும்பு ஜூஸ் வண்டிகள், இலவச விசிறி கொடுக்கும் ஜவுளிக்கடை ஆட்கள். எங்கேயோ நாகஸ்வரம்.

கரீமுல்லா வாயெடுத்தார். "ஏய், வழி உடு! அங்க அடுப்பு வெடி…"

சூடாமணி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் பாய்! வெடின்னு ஒரு வார்த்தை சொன்னா இத்தனை ஜனமும் ஓடும். மிதிபட்டே செத்துப்போவா."

அவர் நின்றார். முகம் வேர்த்து வழிந்தது. பிறகு வேறு குரலில் ஆரம்பித்தார். "நைனா, கொஞ்சம் வழி உடுப்பா. அம்மாவுக்கு மயக்கமா கீது. கொஞ்சம் நவுரு தாயி."

வழி கிடைத்தது. ஆனால் கருணையும் சேர்ந்தே கிடைத்தது. ஒரு அம்மாள் விசிறியால் வீச ஆரம்பித்தாள். ஒருவர் பானகம் நீட்டினார். "உக்காரும்மா, இப்படி நிழல்ல உக்காரு," என்று நாலு பேர் அவளைப் பிடித்து ஒரு கடைப் படியில் உட்கார வைத்தே விட்டார்கள். திமிறி எழுந்தால், "பாவம், வெயில் தலைக்கு ஏறிடுச்சு," என்று மறுபடி அமுக்கினார்கள்.

"வீடு இங்கதான். வீட்டுல படுத்தா சரியாப்பூடும்," என்று கரீமுல்லா அவளைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

குளத்தைச் சுற்றிக்கொண்டு தெற்கு மாட வீதிக்கு வந்தபோது பந்தல் தெரிந்தது. தென்னங்கீற்றும் வண்ணக் காகிதமும். வரிசையாகப் பிள்ளைகள், கையில் தொன்னை. பின்பக்கம் பெஞ்சின் மேல் கேஸ் அடுப்பு. அடுப்பின் மேல் குக்கர். வெயிட் லேசாக ஆடிச் சீறிக்கொண்டிருந்தது. ரகுபதி அதற்கு ஒரு முழ தூரத்தில் நின்று, அண்டாவிலிருந்து மோர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ஏன்னா!"

மேளச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் வரிசையைப் பிளந்துகொண்டு பின்பக்கம் போனாள். கை நீட்டிச் சிலிண்டரைத் திருகி மூடினாள்.

"சூடா! மீட்டிங் அதுக்குள்ள முடிஞ்சுடுத்தா? ஏன் நிறுத்தறே, இன்னும் ரெண்டு சத்தம் வரணும்," என்று அவன் அடுப்பருகே வந்தான். வெயிட் சரியாக உட்காரவில்லை என்று நினைத்தோ என்னவோ, கையைக் குக்கருக்கு நீட்டினான்.

"தொடாதீங்கோ!"

அந்தக் குரலை அவன் அவளிடம் கேட்டதில்லை. கை அப்படியே நின்றது. கரீமுல்லா அவனைத் தோளால் இடித்து ஒதுக்கினார். மோருக்கு வைத்திருந்த ஐஸ் பாளத்தின் மேல் கிடந்த ஈரச் சாக்கை உருவி, இரண்டாக மடித்துக் குக்கரின் மேல் போட்டார். போட்டுவிட்டுக் கையை எடுப்பதற்குள், ஓடு உடைந்த மாதிரி ஒரு சத்தம். சாக்கு மேலே எழும்பி விழுந்தது. பக்கவாட்டில் வெள்ளையாக ஆவி பீறியது. கொதிநீரும் கடலையும் பெஞ்சில் சரிந்து தரையில் ஓடின.

வரிசையிலிருந்த பிள்ளைகள் இரண்டடி பின்வாங்கினார்கள். மேளம் நிற்கவில்லை. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பொடியன், "சுண்டல் கொட்டிப் போச்சு," என்று அழுதான்.

கரீமுல்லா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து, பார்க்கப் பார்க்கத் தோல் பொங்கிக்கொண்டு வந்தது. சூடாமணி மோர் அண்டாவுக்குப் பக்கத்திலிருந்த குடத்துத் தண்ணீரை முழுவதும் அந்தக் கையில் ஊற்றினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "யாருக்கும் படலியே? பசங்களுக்குப் படலியே?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

ரகுபதி சாக்கை விலக்கினான். குக்கரின் ஒரு பக்கம் முழுவதும் பெயர்ந்திருந்தது. விளிம்பில் ஒரு துண்டைப் பிடித்தான். அது அவன் விரல்களுக்கு நடுவில் அப்பளம்போல் நொறுங்கியது.

"இது என்ன?"

"என் புட்டி கசிஞ்சிருக்கு. ஃப்ரிட்ஜுல. கீழ இது இருந்தது. எனக்குத் தெரியலைன்னா."

அவன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். சற்று முன் குக்கருக்கு நீட்டிய கை. பிறகு கரீமுல்லாவின் கையைப் பார்த்தான்.

"நாம சாப்பிடற இடத்துல அதைக் கொண்டுவந்து வெச்சே," என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சந்துக்குள் இருந்த டாக்டரிடம் கரீமுல்லாவைக் கூட்டிப் போனார்கள். ரகுபதிதான் அவரை அணைத்துப் பிடித்து நடந்தான். கட்டுப் போடும்போதும் அவன்தான் பக்கத்தில் நின்றான். சூடாமணி வெளியே வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

கட்டோடு வெளியே வந்த கரீமுல்லாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "மேடம், நம்ம சரக்கு அந்த பம்பாய்க்காரன்கிட்டயே கீதே!"

ஓட்டலுக்குப் போன் செய்தார்கள். சாய்நாத் அறையைக் காலி செய்துவிட்டு விமானத்துக்குப் போய்விட்டார். கிண்ணத்தையும் விட்டு வைக்கவில்லை.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். வீட்டிலும் ஷெட்டிலும் சூடாமணியால் நிற்க முடியவில்லை. ஃப்ரிட்ஜைப் பிரித்து ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தாள். அலுமினியப் பாத்திரம் அத்தனையையும் மூட்டை கட்டி வெளியே போட்டாள். ரகுபதி அவளோடு பேசினான்; 'சாப்பிட்டியா', 'விளக்கை அணை' என்கிற அளவுக்கு. அவன் சாதகம் செய்யும்போது அவள் கூடத்தில் உட்கார்ந்து கேட்பது வழக்கம். இப்போது மிருதங்கத்தில் முதல் அடி விழுந்ததும் எழுந்து போய்விடுவாள். அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை.

கோடை ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சாய்நாத்தே ராயப்பேட்டைக் கடைக்குப் போன் செய்தார். சரக்கைச் சோதித்தாயிற்று, சுத்தம் நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுத்தம் செய்தால் போதும் என்றார். ஆனால் புட்டிக் கணக்கில் வேண்டாம், மாதாமாதம் பத்துக் கிலோ வேண்டும். ஆலையோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்றும் கேட்டார். அதை அவர் ஏற்கெனவே ஆலைக்காரர்களிடமும் விசாரித்துவிட்டிருந்தார்.

அவ்வளவுதான். அடுத்த லாரி ஆலை வாசலிலிருந்து காலியாகத் திரும்பியது. குப்பை இனிமேல் குப்பை இல்லை, வெளியே விடமாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கரீமுல்லா மேனேஜரிடம் நேரில் போய்க் கத்திவிட்டு வந்தார். பயனில்லை. ஷெட்டில் சட்டிகள் காய்ந்தன. பத்துக் கிலோவுக்கு அந்த ஷெட் எந்த மூலைக்கும் காணாது என்பதும் இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

ஆடி மாதம் ஆலையிலிருந்து சூடாமணிக்கு அழைப்பு வந்தது. அவர்கள் தாங்களே முயன்று பார்த்திருக்கிறார்கள். வடிகட்டும் இடத்திலேயே நின்றுவிட்டது. அவள் வந்து நடத்தித் தர வேண்டும். தனிக் கட்டடம், ஆட்கள், குடியிருக்க வீடு எல்லாம் உண்டு. விற்பனையில் கரீமுல்லாவுக்குப் பங்கு வேண்டும் என்று அவள் கேட்டாள். இடைத்தரகர் யாரும் கூடாது என்றார்கள். அவள் முடியாது என்று போனை வைத்தாள். வைத்த கையோடு ராயப்பேட்டைக்குக் கிளம்பினாள்.

கரீமுல்லா கடையில் உட்கார்ந்து பித்தளைக் குழாய்களை நிறுத்துக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்த கையில் தோல் வழுவழுப்பாக, வேறு நிறத்தில் இருந்தது. அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"மாட்டேன்னு சொல்லிட்டீங்களா?"

"ஆமா பாய்."

"இன்னாத்துக்கு?"

"நீங்க இல்லாம எப்படி? முதல் மூட்டையை இறக்கினதே நீங்கதானே."

அவர் குழாயைத் தராசிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். கோபமாக இருந்தார் என்று அவளுக்குப் பட்டது.

"எனக்கு வருத்தமா கீது மேடம். இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வருசம் அந்த சேத்தத் தூக்கி என் சட்டை எல்லாம் செவப்பாச்சு. ஊட்டுக்காரி ஹாஜிரா பீ தெனம் திட்டுவா. ஆனா நான் கடைக்காரன். இது இல்லன்னா இன்னொண்ணு விப்பேன். நீங்க இன்னா பண்ணுவீங்க? உங்களுக்கு வேற எதுனா வேலைல மனசு நிக்குமா? சேறு இருக்கற எடத்துக்குத்தான் நீங்க போவணும்."

"நான் போனா, உங்களை விட்டுட்டுப் போனேன்னு ஆகும்."

"ஆமா, ஆவும்," என்றார் கரீமுல்லா. "ரெண்டு பேருக்கும் அது தெரியும். தெரிஞ்சே போங்க."

ஒரு வாடிக்கைக்காரர் வந்தார். கரீமுல்லா அவர் பக்கம் திரும்பிவிட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சூடாமணி படியிறங்கினாள்.

அன்று அவள் பஸ் ஏறவில்லை. மணிக்கூண்டு வரை நடந்தாள். திரும்பி வந்தாள். கடையைத் தாண்டும்போது உள்ளே பார்க்காமல் மறுபடி நடந்தாள். இருட்டுகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தபோது ரகுபதி பிள்ளைகளை அனுப்பிவிட்டு மிருதங்கத்துக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான்.

"போறேன்னா," என்றாள்.

"தெரியும். கரீம் பாய் போன் பண்ணினார்." உறையின் நாடாவைக் கட்டி முடித்தான். "டிசம்பர் சீசன் வரைக்கும் என்னால அசைய முடியாது. முதல்ல நீ போ. வெள்ளி, சனி நான் வரேன்."

மறுநாள் அவள் ஆலைக்குப் போன் செய்து வருவதாகச் சொன்னாள். அந்த வாரமே கிளம்பினாள். சென்ட்ரலுக்கு ரகுபதி வந்தான். வண்டி நகரும்வரை அவள் ஜன்னலோரம் உட்காரவில்லை. வாசற்படியில் நின்று பிளாட்பாரத்துக் கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். கரீமுல்லா வரவில்லை.